வயிற்றிலிருந்தபோது பட்ட பாடு பிள்ளையின் மூளையில் பதியுமா? சுனாமி, இடப்பெயர்வு, மெதைல் குறி

உவர்மலை | 2025 மார்ச் 4, இரவு 8.12

திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போதும் 2006 மூதூர், சம்பூர் இடப்பெயர்வின்போதும் தாய் வயிற்றிலிருந்த பிள்ளைகளுக்கு மரபணுவே மாறிவிட்டதாம். மூளை வளர்ச்சி குறைவாம். இனி அது மாறவே மாறாதாம். அவர்கள் பெறும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது போகுமாம். கொழும்பில் இரத்தம் கொடுத்தால் கண்டுபிடிக்கலாம் என்று கடைசியில் வேறு வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது 18, 19, 20 வயது. சில பெண்பிள்ளைகள் தாங்களே கர்ப்பிணிகள். இதில் எவ்வளவு உண்மை? ஒரு வரியில் முடிக்காமல் விளங்கும்படி எழுதுங்கள்.

கொப்பூழ்க்கொடி | மார்ச் 4, இரவு 10.40

"மரபணு மாறிவிட்டது" என்பதிலேயே பிழை தொடங்குகிறது. டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை அப்படியேதான் இருக்கும். அந்த எழுத்துகளில் சைற்றோசினுக்கு அடுத்ததாகக் குவானின் வரும் இடங்கள் மனித டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் உண்டு. அங்கே சைற்றோசினில் மெதைல் கூட்டம் என்ற சிறு இரசாயனத் துண்டு ஒட்டலாம், ஒட்டாமலும் விடலாம். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது நெருக்கமாக ஒட்டினால் பொதுவாக அந்த மரபணு அடங்கிப்போகும். ஈரல் கலமும் நரம்புக் கலமும் ஒரே வரிசையை வைத்துக்கொண்டு வேறுவேறு வேலை செய்வதற்கு இந்தக் குறிகளும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்ரோன் புரதங்களில் ஏறும் குறிகளும் காரணம்.

தாயின் நெருக்கடி பிள்ளையின் மூளைக்குப் போகும் வழிகளில் அதிகம் ஆராயப்பட்டது நெருக்கடியில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஓமோன். நச்சுக்கொடியில் 11 பீற்றா எச்.எஸ்.டி.2 என்ற நொதியம் தாயின் கோர்ட்டிசோலில் பெரும்பங்கைச் செயலற்ற கோர்ட்டிசோனாக மாற்றிவிடும். 10 முதல் 20 வீதம்தான் தாண்டிப் போகிறது. எலிகளில் புரதம் குறைந்த உணவு இந்த நொதியத்தைக் குறைக்கிறது. மனிதரில் தாயின் கடும் பதகளிப்போடும் அது குறைந்து காணப்பட்டிருக்கிறது. அப்போது பிள்ளைக்குப் போகும் பங்கு கூடும்.

போன கோர்ட்டிசோல் மூளையில் என்ன செய்யும்? நினைவுக்கு முக்கியமான ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதியில் கோர்ட்டிசோல் ஏற்பிகள் நிறைய உண்டு. "போதும், நிறுத்து" என்ற செய்தியை, கோர்ட்டிசோலைச் சுரக்கவைக்கும் நெருக்கடி அச்சுக்கு அனுப்புவது அவைதான். ஏற்பியை உருவாக்கும் மரபணு என்.ஆர்.3.சி.1. அதன் தொடக்கப் பகுதியில் மெதைல் கூடினால் ஏற்பி குறையும், நிறுத்தும் செய்தி தாமதமாகும், சிறு நெருக்கடிக்கும் கோர்ட்டிசோல் நீண்ட நேரம் உயர்ந்தே நிற்கும். கோட்பாடு இவ்வளவுதான். எலியில் இதற்குச் சான்று பலமானது. மனிதருக்கு வரும்போது மெலிந்துவிடுகிறது; குரல்பதிவு சொல்லாமல் விட்டது அதைத்தான்.

கிண்ணியான் | மார்ச் 5, காலை 6.55

எலிச் சான்று பலம் என்கிறீர்கள். எல்லோரும் காட்டும் 2004 மொன்றியல் ஆய்வு கருக்காலத்தைப் பற்றியதே இல்லை. குட்டி பிறந்த முதல் கிழமையில் தாய் எலி நக்கிப் பராமரிக்கும் அளவைப் பார்த்தது. குறைவாக நக்கும் தாயின் குட்டியை நன்றாக நக்கும் தாயிடம் மாற்றி விட்டபோது மெதைல் அளவு வளர்த்த தாயின் பக்கம் போனது. வளர்ந்த எலியின் மூளைக்குள் ஹிஸ்ரோன் குறிகளை மாற்றும் மருந்தைச் செலுத்தியபோது அந்த வித்தியாசம் இல்லாமலே போனது. குரல்பதிவுக்காரர் "மாறவே மாறாது" என்கிறார். இந்தத் துறையைத் தொடக்கிவைத்த ஆய்வே மாறும் என்றுதான் காட்டியது.

கொப்பூழ்க்கொடி | மார்ச் 5, மதியம் 1.20

ஓம் நானா, அது பிறப்புக்குப் பிந்தியதுதான். கர்ப்பிணி எலியை நெருக்கடிக்குள்ளாக்கிக் குட்டியின் மூளையைப் பார்த்த ஆய்வுகள் தனியாக நிறைய உண்டு.

மனிதரில், போர் நெருக்கடியோடு நேரடியாகப் பொருந்தும் மூன்றைச் சொல்கிறேன். கிழக்குக் கொங்கோவின் கோமா நகரில் தாய்மாரின் போர் அனுபவத்தையும் கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் என்.ஆர்.3.சி.1 மெதைல் அளவையும் பிறப்பு நிறையையும் ஒப்பிட்டார்கள் (2012). 1994 இனப்படுகொலையின்போது கர்ப்பமாயிருந்த ருவாண்டாப் பெண்களையும் அவர்களின் பிள்ளைகளையும் பார்த்தார்கள் (2014). ஜெர்மனியின் கொன்ஸ்ரான்ஸில், கர்ப்ப காலத்தில் கணவனின் வன்முறைக்கு ஆளான தாய்மாரின் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள் (2011). மூன்றிலும் அந்த மரபணுவில் மெதைல் கூடியிருந்தது.

கிண்ணியான் | மார்ச் 5, மதியம் 1.48

கொங்கோவில் 25 சோடி. ஜெர்மனியில் 25 பிள்ளைகள். ருவாண்டாவில் 25 பேர், ஒப்பீட்டுக்கு இன்னும் 25 பேர். 25 இந்தத் துறையின் இராசி எண்ணா?

பகிடி ஒரு பக்கம் கிடக்கட்டும். மூன்றும் முன்கூட்டியே ஒரு மரபணுவைத் தெரிந்துகொண்டு அங்கே மட்டும் பார்த்தவை. நெதர்லாந்திலும் இங்கிலாந்தின் பிரிஸ்ரலிலும் 1,700-க்கும் மேற்பட்ட பிறந்த பிள்ளைகளின் கொப்பூழ்க்கொடி இரத்தத்தில், தாயின் நெருக்கடியை வைத்து முழு மரபுத்தொகுதியையும் தேடினார்கள் (2016). புள்ளியியல் எல்லையைத் தாண்டிய ஓர் இடம்கூட அகப்படவில்லை. அதே இரத்தம், மெதைல் இடங்களை வாசிக்கும் அதே சில்லு, ஆனால் தாயின் புகைத்தல் என்று தேடியபோது 13 ஆய்வுக் குழுக்களின் 6,685 பிள்ளைகளில் 6,000-க்கு மேற்பட்ட இடங்கள் வந்தன. தேடும் முறையில் குறை என்று சொல்லித் தப்ப முடியாது. புகை ஆழமாகப் பதிகிறது. "நெருக்கடி" என்று நாம் பொதுவில் சொல்வது அப்படிப் பதியவில்லை, குறைந்தது இரத்தத்தில்.

கொப்பூழ்க்கொடி | மார்ச் 5, இரவு 9.05

ஏற்கத்தக்க வாதம். ஒன்றை மட்டும் கூட்டிச் சேர்க்கிறேன். நெதர்லாந்து, பிரிஸ்ரல் தாய்மாரின் நெருக்கடி பெரும்பாலும் கடன், வேலை, குடும்பப் பிணக்கு போன்றது. கோமாவில் நடந்தது வேறு தரம். குண்டுவீச்சுக்குள் கிளிவெட்டி முகாமுக்கு நடந்து வந்த கர்ப்பிணியை பிரிஸ்ரல் தாயின் கேள்விக்கொத்தால் அளக்க முடியாது. பெரிய ஆய்வில் கடும் நெருக்கடி பட்டவர்கள் கொஞ்சம். கடும் நெருக்கடியைப் பார்த்த ஆய்வுகளில் ஆட்களே கொஞ்சம். இந்த இடைவெளியில்தான் குரல்பதிவுகள் பிறக்கின்றன.

சோதனைக்குழாய் | மார்ச் 6, இரவு 11.30

அளக்கும் பக்கத்தையும் தெரிந்துகொண்டால் "இரத்தம் கொடுத்தால் கண்டுபிடிக்கலாம்" என்பது ஏன் வெறுங்கதை என்று விளங்கும்.

கொப்பூழ்க்கொடி இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் ஈ.டி.ரி.ஏ. குழாயில் எடுத்து, குளிரில் வைத்து, டி.என்.ஏ.யைப் பிரிப்பார்கள். 500 நானோகிராம் வரை எடுத்து பைசல்பைற்று என்ற இரசாயனத்தால் பதப்படுத்துவார்கள். மெதைல் இல்லாத சைற்றோசின் யுராசிலாக மாறும். பிறகு பெருக்கும்போது தைமின் என்று வாசிக்கப்படும். மெதைல் ஏறிய சைற்றோசின் அப்படியே நிற்கும். பதப்படுத்தல் அரைகுறையானால் மாறாமல் மிஞ்சிய எல்லாம் மெதைல் போலத் தெரியும். இது முதல் பொறி. இரண்டாவது, ஹைட்ரொக்சிமெதைல் என்ற இன்னொரு குறியை இந்த முறை மெதைலிலிருந்து பிரித்துக் காட்டாது. அந்தக் குறி அதிகம் இருப்பதே மூளையில்தான்.

பிறகு சில்லு. 8,50,000 இடங்களை வாசிக்கும் சில்லு பெரிதாகத் தெரியும், ஆனால் 2 கோடியே 80 இலட்சத்தில் அது 3 வீதம். ஒரு கண்ணாடித் துண்டில் 8 மாதிரிகள் ஏறும். இடம்பெயர்ந்த தாய்மாரின் மாதிரியை ஒரு துண்டிலும் மற்றவர்களுடையதை இன்னொன்றிலும் ஏற்றினால் துண்டுக்குத் துண்டுள்ள வித்தியாசம் "போரின் தடம்" என்று வெளிவரும். அதனால் எல்லாத் துண்டிலும் கலந்துதான் ஏற்ற வேண்டும். எக்ஸ் நிறமூர்த்தத்தின் அளவை வைத்து ஆணா பெண்ணா என்று சரிபார்த்தால் மாறிப்போன குழாய்கள் பிடிபடும். அதையே செய்யாமல் வெளியான கட்டுரைகள் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய பொறி கலங்களின் கலவை. ஒரு கலத்தில் ஓர் இடம் என்று எடுத்தால் அளவு 0, 50, 100 என்ற மூன்றில் ஒன்றுதான். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒன்று. ஆகவே "2 வீதம் கூடியது" என்றால் எல்லாக் கலத்திலும் கொஞ்சம் கூடியது என்று பொருளாகாது. நூற்றில் இரண்டு பிரதிகள் மாறியிருக்கலாம். அல்லது ஒன்றுமே மாறாமல், இரத்தத்தில் வெண்குழிய வகைகளின் விகிதம் மட்டும் மாறியிருக்கலாம். தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலே விகிதம் மாறும். கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் கருவுள்ள செங்குழியங்களும் கலந்திருக்கும். அவற்றின் மெதைல் அளவு மற்றக் கலங்களிலிருந்து பெரிதும் வேறு. வளர்ந்தவர்களின் இரத்தத்துக்கென்று செய்த திருத்தத்தைக் கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் போட்டால் விடை பிழைக்கும்.

இத்தனை திருத்தமும் ஒரு குழுவின் சராசரிக்கு. தனியொரு பிள்ளையின் குழாயைப் பார்த்து "இது 2006" என்று வாசிக்க எந்த ஆய்வுகூடத்தாலும் ஏலாது. விற்பவர் எவரும் இருந்தால் காசைப் பொத்தி வையுங்கள்.

உவர்மலை | மார்ச் 7, காலை 7.30

மூளையைத் திறந்து பார்க்காமல் இரத்தத்தை வைத்து மூளையைப் பற்றிப் பேசுவதே எப்படி?

சோதனைக்குழாய் | மார்ச் 7, காலை 8.02

பெரும்பாலும் பேச முடியாது. இரத்தத்தில் தெரியும் மாற்றம் மூளையிலும் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கருவின் முதல் சில நாட்களிலேயே, திசுக்கள் பிரியுமுன் ஏறிய குறி மட்டும் இரண்டிலும் ஒத்திருக்க வாய்ப்புண்டு. மூளையை நேரே பார்த்த ஆய்வு கியூபெக்கில் 2009இல் வந்தது: தற்கொலை செய்தவர்களில் சிறுவயதுத் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் 12 பேர், ஆளாகாதவர்கள் 12 பேர், வேறு காரணத்தால் இறந்தவர்கள் 12 பேர். துன்புறுத்தப்பட்டவர்களின் ஹிப்போகம்பஸில் என்.ஆர்.3.சி.1 மெதைல் கூடியிருந்தது. அதுவும் சிறுவயது, கருக்காலம் இல்லை.

கொப்பூழ்க்கொடி | மார்ச் 8, பின்னேரம் 5.15

"முதல் சில நாட்கள்" என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஹொலண்ட் பஞ்சத்துக்கு வருகிறேன். 1944–45 குளிர்காலத்தில் நாஸிகள் உணவை மறித்தார்கள். ஒருநாள் பங்கு 400 முதல் 800 கலோரிக்குள் விழுந்தது. தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிந்த பஞ்சம் என்பதால் யார் கருவின் எந்த மாதத்தில் பட்டினி கிடந்தார் என்று சொல்ல முடியும்.

60 ஆண்டுக்குப் பிறகு, கருத்தரித்த காலத்தையொட்டிப் பட்டினியில் மாட்டிய 60 பேரை, பட்டினி படாத அவர்களுடைய சொந்தச் சகோதரரோடு ஒப்பிட்டார்கள் (2008). வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எஃப்.2 மரபணுவின் ஒரு பகுதியில் மெதைல் அளவு 51.5இலிருந்து 48.8 வீதமாகக் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் பட்டினி பட்டவர்களில் அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் நிறை குறைந்து பிறந்தவர்கள் அந்தக் கடைசி மாதக்காரர்கள்தான். தொடக்கத்தில் பட்டவர்களின் பிறப்பு நிறை பெரும்பாலும் சாதாரணம். பிறப்பு நிறையைப் பார்த்து "பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்றோ "பாதிப்பு" என்றோ சொல்வது இங்கே உடைந்துபோகிறது.

மூளைப் பக்கம்: கருத்தொடக்கத்தில் பட்டினி பட்டவர்களில் ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1959–61 சீனப் பஞ்சத்திலும் அதே இரண்டு மடங்கு. பயங்கரமாகக் கேட்கிறது, ஆனால் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய் இரண்டு மடங்கானாலும் 98 பேருக்கு மேல் அதில்லாமல் வாழ்கிறார்கள். மெதைல் மாற்றம்தான் இந்த நோய்க்குக் காரணம் என்று எவரும் நிறுவவுமில்லை. இரண்டும் ஒரே பட்டினியிலிருந்து வந்தவை, அவ்வளவே தெரியும்.

கிண்ணியான் | மார்ச் 8, இரவு 8.40

சுனாமிக்குக் கிட்டியது கியூபெக் பனிப்புயல், 1998 ஜனவரி. 30 இலட்சம் பேரளவுக்கு மின்சாரம் போனது. சிலருக்கு 40 நாட்களுக்கு மேல். அப்போது கர்ப்பமாயிருந்தவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பிள்ளைகளின் 13 வயதில் இரத்தத்திலுள்ள ரி கலங்களின் (ஒருவகை வெண்குழியம்) மெதைல் அளவோடு பொருந்தியது தாய் எத்தனை நாள் இருட்டிலும் குளிரிலும் இருந்தார் என்ற கணக்கு. "எவ்வளவு பயந்தீர்கள்" என்ற கேள்விக்கான விடை பொருந்தவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கட ஊரில் கர்ப்பிணியைப் பார்த்து "நீ யோசிக்காதே, யோசித்தால் பிள்ளைக்கு ஆகாது" என்று பயமுறுத்துவார்கள். அந்த ஆய்வுப்படி பார்த்தால் யோசனையைவிட நித்திரை, சாப்பாடு, கூரை, தண்ணீர்தான் கணக்கில் வருகின்றன. முகாமில் கர்ப்பிணிக்குத் தனியாக மறைவான கழிவறையும் இரண்டு முட்டையும் கொடுப்பது, ஆறுதல் வார்த்தையைவிடப் பெரிய மூளை வளர்ச்சித் திட்டம்.

கொப்பூழ்க்கொடி | மார்ச் 8, இரவு 9.10

மாதிரி அதிலும் நாற்பதுக்குக் குறைவு நானா, 25ஐக் கிண்டலடித்துவிட்டு இதை விழுங்குகிறீர்களே. முடிவை ஏற்கிறேன். காரணத்தை இன்னும் ஏற்கவில்லை.

கிண்ணியான் | மார்ச் 8, இரவு 9.14

பிடிபட்டுவிட்டேன். முட்டையை மட்டும் விடமாட்டேன்.

குடும்பநலம் | மார்ச் 9, காலை 10.00

முட்டை என்றதால் களத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு வரிசையாக.

போலிக் அமிலம்: பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டு நாணும் ஆகப்போகும் நரம்புக் குழாய் கருத்தரித்து 28ஆம் நாளில் மூடிவிடும், கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் 6 கிழமை. 8 கிழமைக்குள் கர்ப்பத்தைக் கிளினிக்கில் பதிந்தால் நல்ல பதிவு என்கிறோம், ஆனால் அதற்குள் குழாய் மூடி 2 கிழமை ஆகியிருக்கும். அதனால்தான் புதிதாக மணமுடித்தவர்களுக்கே குளிசை கொடுக்கிறோம். குறைந்தது 400 மைக்ரோகிராம், ஒவ்வொரு நாளும், கருத்தரிக்குமுன் தொடங்கி. முன்பு நரம்புக் குழாய்க் குறையோடு பிள்ளை பிறந்திருந்தாலோ வலிப்பு மருந்து எடுத்தாலோ வைத்தியர் 4, 5 மில்லிகிராம் தருவார். கிளினிக் குளிசையை நாலைந்தாகச் சேர்த்து விழுங்கி அதைச் சரிக்கட்ட வேண்டாம். மெதைல் கூட்டம் கலத்துக்குக் கிடைக்கும் வழிகளில் போலிக் அமிலச் சுழற்சி முக்கியமானது. இந்த இழையோடு அதன் தொடர்பு அதுதான்.

இரும்பு: பிளேன்ரீயோடு விழுங்கினால் உறிஞ்சுவது பாதிக்கு மேல் குறையும். ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். கல்சியத்தோடும் சேர்க்கக்கூடாது, ஒன்று காலை, மற்றது இரவு. விற்றமின் சி குளிசையை இரும்போடு எடுக்க வேண்டும், கல்சியத்தோடு எடுத்துப் பயனில்லை. குமட்டல் என்று நிறுத்துகிறார்கள். நித்திரைக்குப் போகுமுன் எடுத்தால் பெரும்பாலும் தாங்கும். இரும்பு எடுத்தும் ஹீமோகுளோபின் 11க்குக் கீழேயே நின்றால் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு) சுவடு உண்டா என்று பார்க்க வேண்டும்.

சோதனைக்குழாய் | மார்ச் 9, காலை 10.45

இரும்புக்கும் எபிஜெனெற்றிக்ஸுக்கும், அதாவது நாம் பேசும் இந்தக் குறிகளுக்கும், நேரடிக் கொடுக்கல் வாங்கல் உண்டு. மெதைல் குறியை அகற்றத் தொடங்கும் டெற் நொதியங்களும் ஹிஸ்ரோனிலிருந்து மெதைலை நீக்கும் ஒரு பெரிய நொதியக் குடும்பமும் இரும்பு அயன் இல்லாமல் வேலை செய்யா. எலிகளில் கருக்கால இரும்புக் குறைவு ஹிப்போகம்பஸில், நரம்புக் கலங்கள் வளர உதவும் பி.டி.என்.எஃப். மரபணுவின் குறிகளை மாற்றி, வளர்ந்த பிறகும் அதன் அளவைக் குறைத்தே வைத்திருந்தது. சோகை என்றால் களைப்பு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது.

குடும்பநலம் | மார்ச் 9, மாலை 4.20

முட்டை: ஒன்றில் 150 மில்லிகிராமளவு கோலீன் என்ற சத்து, முழுக்க மஞ்சட் கருவில். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 450 வேண்டும். வெள்ளையை மட்டும் தின்று மஞ்சளை ஒதுக்கினால் இந்தக் கணக்கில் பூச்சியம். அமெரிக்காவில் கோர்னெல்லில் கடைசி மூன்று மாதத்தில் 12 கிழமை, ஒரு குழுவுக்கு 480, மற்றதற்கு 930 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள் (2012). 930 எடுத்தவர்களின் பிள்ளைகளில் கொப்பூழ்க்கொடி இரத்தத்தின் கோர்ட்டிசோல் 33 வீதம் குறைவு. நச்சுக்கொடியில் நெருக்கடி மரபணுக்களின் மெதைல் அளவும் மாறியிருந்தது. கிண்ணியான் கேட்குமுன் நானே சொல்கிறேன்: ஆட்கள் 26 பேர்தான்.

மீன்: சூடை, நெத்தலி, கீரி தாராளம். சுறாவையும் வாள்மீனையும் விடுங்கள், மெதைல் பாதரசம் அவற்றில் சேர்ந்திருக்கும். (பெயரில் மெதைல் இருப்பதால் குழம்ப வேண்டாம், அந்த மெதைல் வேறு கதை.)

கச்சான்: பூஞ்சணம் பிடித்ததையும் கசப்பதையும் துப்பிவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சான அஃப்ளாரொக்சின் வறுத்தாலும் முழுதாகப் போகாது. காம்பியாவில் கர்ப்பத் தொடக்கத்தில் அந்த நஞ்சு அதிகம் ஏறிய தாய்மாரின் பிள்ளைகளில் மெதைல் வித்தியாசம் கண்டிருக்கிறார்கள்.

உவர்மலை | மார்ச் 10, இரவு 7.50

புகை 6,000 இடம் என்றீர்கள். எங்கள் பெண்கள் புகைப்பதில்லை. வெற்றிலை?

கொப்பூழ்க்கொடி | மார்ச் 10, இரவு 9.30

அவர்கள் புகைப்பதில்லை, வீட்டில் மற்றவர்கள் புகைக்கிறார்கள். கணவன் முற்றத்தில் நின்று பிடித்தாலும் சட்டையிலும் மூச்சிலும் கொண்டுவருவான். விறகடுப்புப் புகை இன்னொன்று. சமையலறைக்குக் கூரைத் திறப்போ புகைக்கூண்டோ வைப்பது கர்ப்பம் தரித்த பிறகு யோசிக்கும் வேலையில்லை.

வெற்றிலையில் ஒரு நுணுக்கம். புகைத்தலின் மிகப் பெரிய தடம் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் விழுகிறது. அதைச் செய்வது எரிந்த புகையிலுள்ள நறுமண ஹைட்ரோகாபன்கள். சுவீடனில் வாயில் அடக்கும் புகையிலை பாவிப்பவர்களில் அந்தத் தடம் இல்லை. ஆகவே போயிலை போட்ட வெற்றிலைக்கு ஏ.எச்.ஆர்.ஆர். சோதனை "சுத்தம்" என்று சொல்லக்கூடும். நிக்கொற்றின் ஆனாலும் நச்சுக்கொடியைத் தாண்டும், குறைமாதப் பிரசவமும் வயிற்றில் பிள்ளை இறப்பதும் கூடும். பாக்கு தனியாகவே பிறப்பு நிறைக் குறைவோடு சேர்ந்து காணப்படுகிறது. மெதைல் குறியில்லை என்றால் தீங்கில்லை என்று ஆகாது.

கோணேசபுரி | மார்ச் 12, மாலை 6.10

இங்கே வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பவன். 11 பீற்றா எச்.எஸ்.டி.2 என்று படித்ததும் ஒன்று தட்டியது. அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் தடுப்பது அதே நொதியத்தைத்தானே? இருமலுக்குக் கர்ப்பிணிகள் அதிமதுரத்தைச் சப்புவது சாதாரணம். ஆயுர்வேதத்தில் முதல் மாதக் கர்ப்பிணிக்குச் சொல்லும் கூட்டிலும் அது வருகிறது.

கொப்பூழ்க்கொடி | மார்ச் 12, இரவு 10.15

அதேதான் தம்பி. இந்த இழையில் யாரும் தொடாத, ஆனால் நாளைக்கே ஒரு வீட்டில் நிறுத்தக்கூடிய விஷயம் இது.

பின்லாந்தில் அதிமதுர இனிப்பு நிறையத் தின்பார்கள். கர்ப்ப காலத்தில் கிழமைக்கு 500 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் கிளிசிரைசின் எடுத்தவர்களின் பிள்ளைகளை, 249க்குக் கீழே எடுத்தவர்களின் பிள்ளைகளோடு 12 வயதளவில் ஒப்பிட்டபோது நுண்ணறிவுச் சோதனையில் 7 புள்ளி குறைவு. பெண்பிள்ளைகள் முந்திப் பருவமடையும் பக்கம் (2017). கவனிப்பு ஆய்வுதான், காரணம் நிறுவப்படவில்லை. ஆனாலும் நொதியம் தெரியும், தடுப்பது தெரியும். பின்லாந்து கர்ப்பிணிகளுக்கு அதை விலக்கச் சொல்லிவிட்டது.

கணக்கு: வேரில் கிளிசிரைசின் அளவு மிகவும் வேறுபடும். 4 வீதம் என்று வைத்தால் 1 கிராம் வேரில் 40 மில்லிகிராம். கிழமைக்கு 500 என்பது பன்னிரண்டரைக் கிராம் வேர். நாளுக்கு 2 கிராமுக்கும் குறைவு. ஒரு சிறு துண்டு. ஐரோப்பாவில் பொதுமக்களுக்குச் சொல்லும் எல்லை நாளுக்கு 100 மில்லிகிராம். அதைக் கிழமைக்குப் பெருக்கினால் 700, பின்லாந்து எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே பைக்கற்றில் "பாதுகாப்பான அளவு" என்றிருந்தாலும் கர்ப்பிணிக்கு அது பொருந்தாது. தொடர்ந்து எடுத்தால் தாய்க்கே பொற்றாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும்; கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறினால் கிளினிக்கில் அதிமதுரமும் கேட்கப்பட வேண்டும். யாரும் கேட்பதில்லை.

இருமலுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் போதும். மூலிகைத் தேநீர்ப் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள்.

குடும்பநலம் | மார்ச் 13, காலை 9.00

அதே தர்க்கத்தில் ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். குறைமாதப் பிரசவம் வரும்போல இருந்தால் பிள்ளையின் சுவாசப்பைக்காகப் போடும் டெக்ஸாமெதசோன் அல்லது பீற்றாமெதசோன்.

கொப்பூழ்க்கொடி | மார்ச் 13, மதியம் 12.40

அது வேண்டுமென்றே நொதியத்தைத் தாண்டும் மருந்து, இல்லாவிட்டால் பிள்ளைக்குப் போய்ச்சேராது. டெக்ஸாமெதசோன் 6 மில்லிகிராம் 12 மணித்தியாலத்துக்கு ஒருதடவை 4 தரம், அல்லது பீற்றாமெதசோன் 12 மில்லிகிராம் ஒருநாள் இடைவெளியில் 2 தரம். உண்மையில் 34 கிழமைக்கு முன் பிறக்கப் போகும் பிள்ளைக்கு அது உயிர்காக்கும், யாரும் மறுக்கக்கூடாது.

சிக்கல், போட்ட பிறகு பிரசவம் வராமல் மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளைகளில். பின்லாந்தில் 6,70,097 பிள்ளைகளின் பதிவேட்டில், நிறைமாதத்தில் பிறந்தவர்களுள் ஊசி ஏறியவர்களில் 8.89 வீதத்தினருக்கு உள, நடத்தைப் பிரச்சினை பதிவானது, ஏறாதவர்களில் 6.31 (2020). ஆகவே "எதற்கும் ஒன்று போட்டு வைப்போம்" என்பதும், 37 கிழமையில் வசதிக்காகச் சிசேரியனுக்கு நாள் குறித்து அதற்காக ஊசி போடுவதும் தவிர்க்கப்பட வேண்டும். அவசரமில்லாத சிசேரியனை 39 கிழமைக்குத் தள்ளினால் ஊசியே வேண்டாம்.

உவர்மலை | மார்ச் 14, இரவு 8.25

மூன்று தலைமுறை விஷயம் இன்னும் பாக்கி.

சோதனைக்குழாய் | மார்ச் 14, இரவு 11.05

கணக்கைச் சரியாக வைப்போம். 2006இல் கர்ப்பிணியாக இடம்பெயர்ந்தவர் ஒன்று. வயிற்றிலிருந்த பெண்பிள்ளை இரண்டு. அந்தப் பெண்பிள்ளையின் சூலகத்தில் முட்டைகள் அவள் பிறக்குமுன்பே உருவாகிவிடும், ஆகவே அவள் 2025இல் பெறும் பிள்ளையின் முட்டையும் அந்த இடப்பெயர்வை நேரே பட்டது. மூவரும் ஒரே நிகழ்வுக்கு நேரடியாக உள்ளானவர்கள். "கடத்தப்பட்டது" என்று சொல்ல வேண்டுமானால் நான்காவது ஆளில் பார்க்க வேண்டும். அந்த ஆள் பிறக்க இன்னும் 20 வருடம் இருக்கிறது.

இடையில் குறிகள் இரண்டு தரம் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன: முட்டையும் விந்தும் ஆகப்போகும் கலங்களில் ஒருதரம், கருக்கட்டியதும் இன்னொருதரம். சில இடங்கள் தப்பும். மனிதரில் நெருக்கடியின் குறி அப்படித் தப்பிக் கடந்ததாக நிறுவப்பட்டதில்லை. யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளில், நெருக்கடியோடு தொடர்புள்ள எஃப்.கே.பி.பி.5 மரபணுவைப் பார்த்த 2016 ஆய்வைக் காட்டுவார்கள். அதில் பெற்றோர் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். அந்தப் பெற்றோரிடம் வளர்ந்ததன் விளைவை அதிலிருந்து பிரித்தெடுக்கவும் முடியாது.

கிண்ணியான் | மார்ச் 15, காலை 6.30

22! 25கூட இல்லை.

குடும்பநலம் | மார்ச் 15, காலை 11.20

அந்தப் பெண்பிள்ளைகள் இப்போது கிளினிக்குக்கு வருகிறார்கள். குரல்பதிவைக் கேட்டுப் பயந்து வருபவர்களிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் உளநல வைத்தியரிடம் அனுப்புங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவர் கர்ப்பம் என்றதும் தானாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் திரும்பி வரும் நோய் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். இரவில் பேச ஆளில்லை என்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926. வீட்டில் அடி என்றால் 1938, அல்லது வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையம். அடிக்கும் கணவனிடம் போலிக் அமிலம் தோற்றுவிடும்.

கோணேசபுரி | மார்ச் 16, இரவு 9.45

அதிமதுரத்தைத் திட்டவேலையாக எடுக்கலாமா? கர்ப்பிணிகளின் இரத்தத்தில் மெதைல் பார்க்க ஆசை.

சோதனைக்குழாய் | மார்ச் 16, இரவு 10.30

மெதைலை விடுங்கள், காசும் போகும், 25 பேரோடும் நிற்கும். நகரக் கடைகளில் விற்கும் அதிமதுரத்தில் கிளிசிரைசின் எவ்வளவு என்று அளந்தாலே கர்ப்பிணிக்கு உடனே பயன்படும். வேரை உலர்த்தி அரைத்து, நிறை பார்த்து, ஒரு பாகத்தை 50 வீத எதனோலில் பிரித்தெடுங்கள்; இன்னொரு பாகத்தை வீட்டில் செய்வதுபோலத் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். இரண்டையும் 0.45 மைக்ரோன் வடியில் வடித்து, சி-18 நிரலுள்ள எச்.பி.எல்.சி.யில் (கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் கருவி) 254 நனோமீற்றரில் வாசியுங்கள். நியமத்துக்கு அமோனியம் கிளிசிரைசினேற்று வாங்கலாம். அதன் நீரளவைக் கழிக்க மறந்தால் எல்லா விடையும் ஒரே பக்கம் சாயும். ஒவ்வொரு கடையிலும் ஒரு துண்டு போதாது, வெவ்வேறு பொதிகளிலிருந்து குறைந்தது மூன்று துண்டு எடுங்கள். அரைக்குமுன் வேரின் குறுக்குவெட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதிப்படுத்துங்கள்: அதிமதுரம் என்று குன்றிமணி வேரைக் கலந்து விற்பதுண்டு, அதுவும் இனிக்கும்.